சூரியனுக்கு ஆறு மணி

சூரியன் மாலை ஆறு மணிக்கு மறையும் என்று முடிவு செய்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பெயர் தெரிந்தால் போதும், ஊர் தெரிந்தால் இன்னும் நல்லது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவர் செஞ்சிக்கு வரட்டும். ஆறு மணிக்குக் காந்தி பஜாரில் நின்று, ராஜகிரி மலைக்குப் பின்னால் எப்போதோ போய்விட்ட சூரியனை எனக்குக் காட்டட்டும். சூரியன் என்ன தாலுகா ஆபீஸா, மணி பார்த்துப் பூட்டிக்கொண்டு போக?

என் பெயர் ஹேமா. காந்தி பஜாரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஐடி கார்டு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் எங்கள் கடைக்குள் வந்துவிட்டுத்தான் போகும். கோபக்காரி என்று எனக்குப் பெயர். பொய்யில்லை. பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்கிறவர்களோடு நாள் முழுக்கக் குப்பை கொட்டிப் பார்த்தால் உங்களுக்கும் அந்தப் பெயர் வரும்.

கடையில் பாதி அறிவுமதியுடையது. பக்கத்து ஊர் வல்லத்துக்காரன், எம்.சி.ஏ. படித்தவன். சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, அந்த ஊர் ஒத்துவராமல் திரும்பி வந்தபோது நான் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஆளுக்குப் பாதி போட்டு மெஷின் வாங்கினோம், ஆளுக்குப் பாதி உழைத்தோம். கட்டடம் மட்டும் என் கணவரின் அண்ணன் விருஷபதாஸ் மாமாவுடையது. அதே தெருவில் நாலு கடை தள்ளி அவருடைய மல்லாட்டை மண்டி இருக்கிறது, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். என் வீட்டுக்காரர் அஜித்நாதனும் அங்கேதான் இருக்கிறார். அண்ணன் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

எங்கள் கம்ப்யூட்டர்களில் ஓடுவது காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை. உலகத்தின் நாலு மூலையிலும் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிற லினக்ஸ் டெஸ்க்டாப். அறிவுமதிக்கு அதன்மேல் அப்படியொரு பற்று. அதன் மெனுக்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறவர்களில் அவனும் ஒருவன். "இதுல என் கையும் இருக்குது அக்கா" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ கோட்டையையே கட்டியவன் மாதிரி.

இனி நோன்பு விஷயம். நாங்கள் சமணர்கள், நயினார் வீடு. பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் போடாமல் இருப்பது எங்களில் பெரிய நோன்பு. எல்லாரும் பிடிப்பதில்லை. நானும் அதுவரை கடையைச் சாத்திவிட்டுப் போய் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவள்தான். போன மகாவீரர் ஜெயந்தி அன்று, ஒரு வருடம் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். பக்தியால் சொன்னேன் என்று கதை விட மாட்டேன். "ஹேமாவா? கடைக்கு ஒரு பஜ்ஜிப் பொட்டலம் வந்தா நோன்பு அதோட சரி" என்று விருஷபதாஸ் மாமா பந்தியில் எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்த ரோஷத்தில் பிடித்தேன்.

ரோஷத்தில் ஆரம்பித்தது மெல்ல என்னுடையதாக ஆகிவிட்டது. சாயங்காலம் டப்பாவைத் திறந்துவிட்டால் எந்தக் கொம்பனாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். போன் அடித்தால் அடிக்கட்டும். கல்யாணமாகி, கடை வைத்து, மகள் பிரம்மியைப் பெற்று வளர்த்த இத்தனை வருடத்தில் யாரும் குறுக்கே வராமல் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் கடை நீளமான இருட்டு அறை. ஜன்னல் கிடையாது. முன்பக்கத்தை எங்கள் பேனரே மறைத்துக்கொண்டிருக்கும். பகலும் ராத்திரியும் டியூப்லைட்தான். பொழுது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் சாய்கிறது, தினமும் காலண்டரைப் புரட்ட எனக்கு எங்கே நேரம்? அறிவுமதிதான் வழி செய்தான். அந்த டெஸ்க்டாப்பில் பொழுது சாயும் நேரத்தில் திரையைத் தானாக மஞ்சளாக்குகிற வசதி உண்டு, கண்ணுக்கு நல்லதாம். எங்கள் மாதிரிக் கடைகளில் அதை அணைத்துத்தான் வைப்பார்கள், மஞ்சளடித்த திரையில் கலர் வேலை பார்க்க முடியாது. "அதனாலதான் அக்கா ஒங்களுக்கு அது வேணும்" என்றான். செஞ்சி பூமியில் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதிக் கொடுத்தான். தினமும் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே திரை மஞ்சளாகும், வேலை தானாக நிற்கும், நான் டப்பாவைத் திறப்பேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் அப்படித்தான் நல்லபடியாகப் போனது.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். திரை மஞ்சளானது. தோசையையும் மல்லாட்டைச் சட்னியையும் எடுத்து வைத்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், ஜெயமாலா அத்தை உள்ளே வந்தார். என் கணவரின் சித்தி, தளவானூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மகள் வளைகாப்புக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார்.

"வாங்க அத்தை, உக்காருங்க. ஒரு தோசை சாப்புடுங்க."

அத்தை ஓரடி பின்னால் போனார். "இன்னாம்மா இது! பொழுது போயி எம்மா நேரமாச்சு. ரோட்டுல லைட்டு போட்டுட்டாங்க. நீ நோன்பு புடிக்கிறவளாச்சே?"

"இல்ல அத்தை, இப்பதான் மஞ்சளாச்சு" என்று திரையைக் காட்டினேன்.

அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொழுது சாஞ்சிச்சான்னு வெளிய வந்து வானத்தப் பாப்பாங்க. நீ இன்னாம்மா பொட்டியப் பாக்குற?"

சட்னிக் கையோடு வெளியே ஓடினேன். தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மலை கருப்பாக நின்றது. வாயில் இருந்த தோசையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்று மட்டுமா, நேற்றுமா, போன வாரமுமா? ஐப்பசியிலிருந்து மழை, பகலிலேயே இருட்டிக்கொண்டு வரும் வானம். எந்த இருட்டு மேகத்தால், எந்த இருட்டு பொழுது போனதால் என்று யாருக்குத் தெரிந்தது? அடைமழைக்காலம் பூராவும் நான் பொழுது சாய்ந்த பிறகு உட்கார்ந்து, ரொம்ப ஒழுங்கானவளாக நினைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அழவில்லை.

"தெரியாமப் பண்ணதுக்கு இன்னா செய்யறது? ஒருநாள் பட்டினி கெடந்துட்டு விட்ட எடத்துல தொடங்கு" என்று அத்தை சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் அங்கேயிருந்து நேராக மண்டிக்குப் போய், பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அறிவுமதி ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டர் மாட்டிவிட்டு வந்தான். வாசலில் கால் வைக்கும் முன் ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று முழுதாக எழுத முடியாது. எதிர்க் கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்பது வரைக்கும் சொல்கிறேன். அறிவுமதி பையை இறக்கி வைத்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், எதையோ திறந்தான், படித்தான், தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஆவணியில பெரிய அப்டேட் ஒண்ணு போட்டேன் இல்ல? அதுல மாத்திட்டாங்க. நான் குடுத்து வெச்சிருந்த ஊர அழிச்சிட்டு, எல்லாருக்கும் பொதுவா சாயங்காலம் ஆறு மணின்னு வெச்சிருக்காங்க. அதான் இப்ப டிஃபால்ட்."

"எல்லாருக்கும்னா?"

"ஒலகத்துக்கே."

ஆவணியில் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அதனால் அப்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பொழுது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மெஷின் மட்டும் ஆறு மணியிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

"இதோ பாருங்க, பழையபடி ஊரப் போட்டுட்டேன். முடிஞ்சிச்சு. டென்ஷன் ஆவாதீங்க" என்றான்.

அவ்வளவுதானா! இரண்டு தட்டு தட்டினால் சரியாகிற விஷயம் என்பதில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய ரிப்பேர் என்றாலாவது மனசு ஆறும்.

"என்னைக் கேக்காம எப்டி மாத்துவாங்க? என் மெஷின், என் ஊரு, என் வயிறு. எவன் குடுத்தான் அவங்களுக்கு அதிகாரம்?"

"டிஃபால்ட்டுன்னா ஒண்ணுமில்ல அக்கா, நம்மள பாக்காத ஒருத்தர் நமக்காக யோசிச்சி வெக்கறது. சில சமயம் ஒத்து வரும், சில சமயம் வராது. வரலன்னா மாத்திக்கணும். மாத்த உடறாங்க இல்ல, அது போதும்." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். "இன்னொண்ணு சொல்லிடறேன். 'தினமும் மாலை 6 மணி முதல்' அப்டின்னு இருக்குது பாருங்க, இந்த வரிய தமிழ்ல எழுதினதே நான்தான். எழுதறப்ப ஒங்க நெனப்பு வரல. அது என் தப்புதான்."

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஆறு மணிக்காரர்களைத்தான் விடக் கூடாது என்று இருந்தேன். "அவங்களுக்கு எழுது. நான் சொல்றத அப்டியே எழுது" என்று உட்கார்ந்து சொன்னேன். நோன்பைப் பற்றி, மழைக்காலத்தைப் பற்றி, அடுத்தவர் வீட்டுப் பொழுதில் கை வைப்பவர்களைப் பற்றி, அவர்களுடைய வளர்ப்பைப் பற்றி. மூச்சு வாங்கி நிறுத்தியபோது திரையில் நாலே வரி இங்கிலீஷ் இருந்தது.

"எங்க என் கோவம்?"

"இதுல இன்னா நடந்துச்சு, இன்னா நடந்திருக்கணும், இது ரெண்டுக்குத்தான் எடம் இருக்குது அக்கா. கோவத்துக்கு எடம் வெக்கல."

"அதுவும் டிஃபால்ட்டா?"

சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான்.

வீட்டுக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் போய்க் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விருஷபதாஸ் மாமா எங்கள் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் நோன்பு கெட்டதற்கு என்னைவிட மாமாவுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. அவர் ஒருநாளும் நோன்பு பிடித்தவரில்லை. திண்டிவனம் லோடுக்குப் போனால் எந்நேரத்துக்கு எங்கே எதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று டிரைவர் கலியபெருமாளைக் கேட்டால் சொல்லுவார்.

"எப்டிம்மா நடந்துச்சு?" என்றார்.

"அறிவு ஆவணியில அப்டேட் போட்டிருக்கான் மாமா. அதுல ஆறு மணின்னு மாறிடுச்சு. அந்த வரிய தமிழ்ல எழுதினதே அவன்தானாம், அப்பக்கூட அவனுக்கு என் நெனப்பு வரல" என்று கொதித்துக்கொண்டிருந்த வேகத்தில் கொட்டினேன்.

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "கேட்டுக்கினியா? எழுதினவனும் அவன், போட்டவனும் அவன். தெரிஞ்சேதான் பண்ணிருக்கான்."

"ஐயோ, அப்டி இல்ல மாமா..."

"நீ சும்மா இரும்மா. நம்ம நோன்புன்னா அவனுக்கு இன்னா தெரியும்? அவனுங்களுக்கு நம்மள கெடுத்துப் பாக்கறதுல ஒரு சந்தோசம். கூட ஒக்கார வெச்சா இதான். இந்த மாசத்தோட அனுப்பிடு. என் கட்டடத்துல அவன் வேணாம்."

'அவனுங்க'ளாம். வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் அந்த 'அவனுங்க' கொண்டுவந்து கொட்டுகிற மல்லாட்டையில்தான் மாமாவின் மாடி வீடே எழும்பியது. நான் கத்தினேன். என் மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "நாளைக்குப் பேசிக்கலாம் ஹேமா" என்றார். அவருடைய வாழ்க்கையில் எல்லாமே நாளைக்குத்தான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது அந்த டெஸ்க்டாப் ஆட்களிடமிருந்து பதில் வந்திருந்தது. அறிவுமதி படித்துச் சொன்னான். எழுதினதற்கு நன்றியாம். ஊரைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்று நின்றுபோனதால் பல பேருக்குத் திரை பட்டப்பகலில் மஞ்சளடித்ததாம், அதனால்தான் ஆறு மணி என்று வைத்தார்களாம். ஆனால் கையால் எழுதி வைத்த ஊரையும் சேர்த்து அழித்தது தங்கள் பிழையாம். வருந்துகிறார்களாம். அடுத்த முறை மாற்றும் முன் கேட்பார்களாம். சண்டைக்கு இழுத்தால் வரக்கூடத் தெரியாத ஜனங்களிடம் என்ன பேசுவது? எனக்கு அந்த மரியாதையும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் மாமா கடைக்குள் வந்தார். அறிவுமதி எழுந்திருக்கவில்லை, பேனர் வேலையில் இருந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

"ஏம்பா, நீ பண்ணது உனக்கே நல்லா இருக்குதா? வேணும்னே பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருக்க. ஹேமாவே சொல்லிடிச்சி, போட்டதும் நீதான், எழுதினதும் நீதான்னு. மாசக் கடைசியோட முடிச்சிக்கோ."

அறிவுமதி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு மாமாவிடம், "அத அப்பறம் பேசிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் மாமாமேல் பாய்ந்தேன். அவர் நின்று கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மிச்சக் கோபம் முழுதும் அறிவுமதியின் மேல் திரும்பியது.

"நீ மனுஷனா மரமா? அந்தாளு அந்தப் பேச்சு பேசறாரு, அப்பறம் பேசிக்கலாமாம்! அதுக்கும் ரெண்டு தட்டு தட்டி சரி பண்ணிடுவியா?"

அவன் மௌஸை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"நான் இப்ப எகிறினா அவரு இன்னா சொல்வாரு? 'பாத்தியா, அவனுங்க புத்தி'ன்னு சொல்வாரு. ஒங்களுக்குக் கோவம் ஃப்ரீ அக்கா. டீ மாஸ்டர் வரைக்கும் கேட்டாலும் 'ஹேமா அப்டித்தான்'னு சிரிச்சிட்டுப் போவாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் அது செலவு. அத உடுங்க. நேத்து நீங்க வீட்டுல 'அப்டேட் வந்துச்சு, மாறிடுச்சு'ன்னு சொல்லிருக்கலாம். 'அறிவு போட்டான், அறிவு எழுதினான்'னு சொல்லிருக்கீங்க."

அப்படித்தான் சொன்னேன். அதே வார்த்தைகள்தான். யாரிடம் சொல்கிறேன், அவர் காதில் அது எப்படி விழும் என்று இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். காலைநேரம், மண்டி நிறைய ஆட்கள். மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, எடை போடும் கன்னியப்பன் தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமா கல்லாவில் இருந்தார்.

"மாமா, பொழுது போனப்பறம் சாப்புட்டது நான். என் கை, என் வாய். வானத்தப் பாக்காம பொட்டியப் பாத்ததும் நான்தான். அறிவு மேல பழி போட்டது நான் பண்ண பெரிய தப்பு, அதை எல்லார் முன்னாடியும் சொல்றேன். அவன் போவணும்னா நானும் போறேன். இந்தாங்க சாவி. இன்னியோட கடைய காலி பண்றோம். நீங்களே வெச்சிக்குங்க ஒங்க கட்டடத்த."

சாவியைக் கல்லாமேல் எறிந்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா, "உள்ள வாம்மா, ஜனங்க பாக்கறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்று எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தார். நான் திரும்பி நடந்தேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு பெரிய நியாயத்தைச் செய்துவிட்டு வருகிற நடை நடந்தேன்.

"சாவிய அவரு மூஞ்சிலியே எறிஞ்சிட்டேன் அறிவு. கெளம்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் பாப்போம். ரெண்டு பேரும் போறோம்" என்றேன்.

அறிவுமதி எழுந்தான். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"யாரக் கேட்டு சாவியக் குடுத்தீங்க?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா என்னைக் கேக்கணும் இல்ல? பாதிக் கடை என்னுது! ஒரு வார்த்த கேட்டீங்களா? அவரு வெளிய போன்னு சொன்னாரு, நீங்க வா போலாம்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் சேந்து என்னக் காலி பண்ணிட்டீங்க. நான் போறேன்னு எப்ப சொன்னேன்? நான் தப்பு பண்ணாத எடத்தவிட்டு நான் ஏன் போவணும்?"

கத்தினான். இத்தனை வருடத்தில் அவன் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. எதிரே டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். கேட்காமல் மாற்றிவிட்டார்கள் என்று நேற்று உலகத்தையே திட்டியவள் நான். அந்த ஆறு மணிக்காரர்களாவது நல்ல மனசோடுதான் செய்தார்கள், செய்த பிறகு வருந்தி எழுதினார்கள். நானும் நல்ல மனசோடுதான் செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"தப்பு அறிவு. கேக்காம செஞ்சிட்டேன்" என்றேன். "இப்ப இன்னா பண்ணலாம், நீ சொல்லு."

"வாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

மண்டிக்குள் அவன் முன்னால் போனான், நான் பின்னால் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அதில் பாதிப் பேர் வல்லத்துக்காரர்கள், அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். கல்லாவுக்கு நேரே போய் நின்றான்.

"சார், என் கடைச் சாவி உங்ககிட்ட இருக்குது. குடுங்க."

மாமா கல்லாமேல் கிடந்த சாவியைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் வேணும்னு பண்ணேன்னு சொன்னீங்க. அத இங்க, இவங்க எல்லாரும் கேக்கற மாதிரி, ஒரு தடவ சொல்லுங்க சார்."

மாமாவின் கண் மண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மூட்டைகள், மூட்டைகளுக்குச் சொந்தக்காரர்கள், தராசில் கை வைத்தபடி நின்ற கன்னியப்பன். "நான் எங்கப்பா அப்டி சொன்னேன்? ஏதோ ஒரு வேகத்துல, வீட்டுப் பொம்பளைங்க சொன்னத வெச்சிப் பேசறதுதான். நீ இருப்பா. கடைய நடத்து. யாரு வேணாம்னா?"

"சரி. சாவி."

கையை நீட்டினான். மாமா சாவியை எடுத்தார். எடுத்து, கல்லாவுக்கு முன்னால் கிடந்த மூட்டையின் மேல் வைத்தார். அவனுக்கு எதைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான். வாடகை ரசீதை மேஜைமேல் வைப்பார், கோயில் பிரசாதத்தை டப்பாவோடு தள்ளுவார். இத்தனை வருடமாக என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததை நான் அந்த நிமிஷத்தில்தான் பார்த்தேன்.

அறிவுமதி மூட்டையைப் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"எடுத்துக்கோப்பா. அங்கதான் இருக்குது" என்றார் மாமா.

"குடுங்க சார்" என்றான். குரல் பழையபடி அமைதியாகிவிட்டிருந்தது.

யாரும் நகரவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்து, "அண்ணே, கையில குடு" என்றார். அவர் நாளைக்கு என்று சொல்லாத ஒரே பேச்சு அதுதான்.

விருஷபதாஸ் மாமா மூட்டை மேலிருந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். விரல் பட்டது. அறிவுமதி கையை மூடிக்கொண்டான்.

"கடை தெறந்து கெடக்குது அக்கா, வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.